தலையில் லேசாக இடித்த அப்பாவுக்கு வாரங்கள் கழித்துத் தெரிந்த ரத்தக்கசிவு

அப்பாவுக்கு வயது எழுபதுக்கு மேல். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். ஒருநாள் அலமாரிக் கதவில் தலையை இடித்துக்கொண்டார். வீக்கம்கூட இல்லை, எல்லோரும் மறந்துவிட்டோம்.

சில வாரங்களில் நடை மாறியது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும், பெயர்கள் குழம்பும். வயசானா மறதி வரத்தானே செய்யும் என்றார்கள் சொந்தக்காரர்கள். தம்பிதான் உற்றுப் பார்த்தான். "அக்கா, இடது கால் மட்டும் இழுபடுது. மறதின்னா இப்படி ஒரு பக்கமா வருமா?" என்று அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

சி.டி. ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம் பிறை வடிவில் ரத்தம் தேங்கியிருந்தது. க்ரானிக் சப்டியூரல் ஹெமடோமா, அதாவது மூளையின் மேலுறைக்கு அடியில் நாள்பட்டுச் சேர்ந்த ரத்தத் தேக்கம் என்றார் டாக்டர். வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குமாம். அதற்கும் மேலுறைக்கும் நடுவில் ஓடும் சின்னச் சிரைகள் இழுபட்டு நிற்பதால், லேசான அடிக்கே கசிந்துவிடும். மெல்ல மெல்லச் சேர்வதால்தான் இத்தனை தாமதமாகத் தெரிகிறது. மண்டையோட்டில் சிறு துளை போட்டு ரத்தத்தை வெளியேற்றி, மிச்சம் வடிய ட்யூப் வைத்தார்கள். இப்போது நன்றாக நடக்கிறார். திரும்பவும் தேங்கலாம் என்பதால் ஸ்கேன் தொடர்கிறது. க்ளோபிடோக்ரெலை எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்பதை இதய டாக்டரும் அறுவை சிகிச்சை டாக்டரும் பேசி முடிவு செய்தார்கள். அதை நாமாக நிறுத்துவதும் தொடங்குவதும் ஆபத்து.

பதில்:
என் மனைவிக்கு எல்லாமே ஒரே நொடியில். "இப்படி ஒரு வலி வந்ததே இல்லைங்க" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் வாந்தி, கழுத்தை வளைக்க முடியவில்லை. ரத்தக்குழாயில் இருந்த புடைப்பு வெடித்து மூளையைச் சுற்றி ரத்தம் பரவியிருந்தது. தொடை இடுக்கு வழியாகக் குழாய் செலுத்தி, புடைப்புக்குள் காயில் (coil) எனும் மெல்லிய உலோகச் சுருள் வைத்து அடைத்தார்கள். பின்னால் மூளைக்கு ரத்த ஓட்டம் குறைந்து பாதிப்பு வராமலிருக்க நிமோடிபின் மருந்து 21 நாள். திடீரென்று உச்சத்தில் தொடங்கும் தலைவலி என்றால் தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பதில்:
அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். முகம் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் பலர் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மூளை ரத்தக்குழாயில் அடைப்பா, ரத்தக்கசிவா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடலாம். வரும்போது அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எடுத்து வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் என்று தெரிந்தால் அதை முறிக்கும் மருந்தை உடனே தொடங்க முடியும்.