அப்பாவுக்கு நிமோனியா ஊசி: 45 சதவீதம்தான் பலன் என்றால் போடலாமா?

செந்தில் (மேலூர்)

அப்பாவுக்கு 68 வயது. முப்பது வருஷம் பீடி குடித்தவர், விட்டு ஆறு வருஷம் ஆகிறது. சர்க்கரையும் உண்டு. போன மார்கழியில் நிமோனியா வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆக்சிஜன் மாஸ்க்கோடு என் கையைப் பிடித்தபடியே தூங்குவார், இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இப்போது டாக்டர் தடுப்பூசி போடச் சொல்கிறார். மெடிக்கலில் கேட்டால் 13 இருக்கு, 23 இருக்கு, எது வேணும் என்கிறார்கள். தேடிப் படித்தால் நெதர்லாந்து ஆய்வில் பலன் 45 சதவீதம்தானாம். பாதிகூட இல்லாததற்கு இவ்வளவு பணம் கட்டலாமா?

ராஜேஸ்வரி

தம்பி, நான் அரசு மருத்துவமனை லேபில் 31 வருஷம் இருந்தவள். ஆட்டு ரத்தம் கலந்த தட்டில், நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமி வளர்ந்தால் சுற்றிலும் பச்சை படரும், ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் சின்னக் குழி விழும். காலையில் தட்டைத் திறந்து அதைப் பார்த்தாலே வார்டுக்கு ஓடுவோம். சில நாள் நாங்கள் போவதற்குள் கட்டில் காலியாகியிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 84,496 பேர். பாதிப் பேருக்கு நிமோகாக்கஸின் 13 வகைகளைத் தடுக்கும் ஊசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. சுமார் நாலு வருஷம் கவனித்தார்கள். அந்த 13 வகைக் கிருமியால் நிமோனியா வந்தவர்கள் மருந்தில்லாத பக்கம் 90, ஊசி போட்ட பக்கம் 49. 90 பேர் 49ஆகக் குறைந்ததுதான் நீங்கள் படித்த 45 சதவீதம். கிருமி ரத்தம் வரைக்கும் ஏறுகிற கடும் நோயில் 28க்கு 7, அதாவது மருந்தில்லாத பக்கம் 28 பேர், ஊசி போட்ட பக்கம் 7 பேர். நான்கில் மூன்று பங்கு தடுத்திருக்கிறது. லேபில் நான் பயந்தது இந்த நோய்க்குத்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். எந்தக் கிருமி என்று பார்க்காமல் எல்லா நிமோனியாவையும் சேர்த்தால் 787க்கு 747, பெரிய வித்தியாசமில்லை. நிமோகாக்கஸிலேயே நூறு வகைக்கு மேல் இருக்கிறது, அது போக வேறு பாக்டீரியா, ஃப்ளூ வைரஸ் எல்லாம் நுரையீரலைப் பிடிக்கும். ஊசி போட்ட பிறகும் நிமோனியா வரலாம். வருஷா வருஷம் ஃப்ளூ ஊசியும் போடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது பலன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அது ஆய்வு முடிந்த பிறகு போட்ட கணக்கு, ஓரளவுக்குத்தான் நம்பணும்.

13ஆ 23ஆ என்றால்: அந்த எண், ஊசி எத்தனை வகை நிமோகாக்கஸுக்கானது என்பது. கிருமியின் மேல் சர்க்கரைப் பொருளால் ஆன ஓர் உறை இருக்கும். 23இல் வெறும் உறைதான். 13இல் அந்த உறையை ஒரு புரதத்தோடு கோத்திருப்பார்கள், உடம்பு அதை நன்றாக நினைவு வைத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் போடுவதென்றால் முதலில் 13, ஒரு வருஷம் கழித்து 23. உங்கள் டாக்டரிடம் முறையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், மெடிக்கலில் கொடுத்ததை அப்படியே வாங்கிவிடாதீர்கள்.

கிராம செவிலியர் மல்லிகா

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கா சார்? இந்தக் கிருமி பெரும்பாலும் குழந்தைகளோட மூக்கிலும் தொண்டையிலும்தான் குடியிருக்கும், அங்கிருந்து தாத்தா பாட்டிக்குப் போகும். அமெரிக்காவில் 2000இல் குழந்தைகளுக்கு இந்தக் கிருமியோட ஏழு வகைகளைத் தடுக்கிற ஊசி தொடங்கினாங்க. அந்த வகைகளால வர்ற கடும் நோய், ஊசியே போடாத முதியவங்களிடமும் குறைஞ்சுது. நம்ம ஊர்ல 2021லிருந்து குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் ஊசியை அரசே இலவசமாப் போடுது: ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாசம். முன்னாடி தனியார்ல ஒரு ஊசிக்கே ஆயிரக்கணக்கில் ஆகும், எங்க ஊர்ல யாரும் போட முடிஞ்சதில்லை.

செந்தில் (மேலூர்)

ராஜேஸ்வரி அம்மா, 28க்கு 7 என்று நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம்.

மல்லிகா சிஸ்டர், அக்கா பையன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான், பதினோரு மாசம். அப்பா மடியை விட்டு இறங்கமாட்டான். அட்டையைப் பார்த்தால் ஒன்பதாம் மாச ஊசி விட்டுப்போயிருக்கிறது. இனிமேல் போட முடியுமா?

கிராம செவிலியர் மல்லிகா

முடியும் சார். புதன்கிழமை அட்டையோட உங்க துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. தட்டம்மை ஊசியும் விட்டிருக்கும், ரெண்டையும் அன்னைக்கே போட்டுடலாம்.