புதுப்பிப்பு: லோரா சென்சார் தூக்கத்திலும் 2.8 மில்லிஆம்பியர் இழுத்த சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. முதலில் நான் கேட்டது இது: 3.3 வோல்ட் ஆர்டுயினோ ப்ரோ மினி போர்டும் ஆர்எஃப்எம் 95 லோரா ரேடியோவும் (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் அனுப்பும் வகை) சேர்ந்த சென்சார், போர்டின் மெயின் சிப்பான ஏடிமெகா 328பி தூங்கிய பிறகும் 2.8 மில்லிஆம்பியர் இழுக்கிறதே, ஏன்?

"ரேடியோவைத் தனியாகத் தூங்க வையுங்கள்" என்ற யோசனைதான் முக்கியமான தீர்வு. பாக்கெட்டை அனுப்பி முடித்ததும் ரேடியோவுக்குள் இருக்கும் எஸ்எக்ஸ் 1276 சிப் ஸ்டாண்ட்பைக்குத்தான் (தயார் நிலைக்குத்தான்) திரும்பும், அதில் 1.6 மில்லிஆம்பியர் போகும். ஸ்லீப் கட்டளை கொடுத்தால் 0.2 மைக்ரோஆம்பியர்தான். மொத்தம் 1.2 மில்லிஆம்பியருக்கு இறங்கியது.

போர்டில் இருந்த பவர் எல்இடியையும் வோல்டேஜ் ரெகுலேட்டரையும் கழற்றி, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லை நேராக விசிசி பின்னில் (போர்டுக்கு மின்சாரம் நுழையும் பின்) கொடுத்ததும் 22 மைக்ரோஆம்பியர். சாதாரண லித்தியம் அயான் செல்லை இப்படி இணைக்கவே கூடாது, முழு சார்ஜில் அது தரும் 4.2 வோல்ட்டில் ரேடியோ போய்விடும்.

எதிர்பாராதது, பேட்டரி அளவைப் பார்க்க வைத்த இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். அவை மட்டுமே 16 மைக்ரோஆம்பியருக்கு மேல் குடித்தன. இரண்டையும் 1 மெகா ஓமாக மாற்றி, வோல்டேஜை அளக்கும் ஏடிசி பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெபாசிட்டர் போட்டேன். அது இல்லாவிட்டால் ரீடிங் தவறும். இப்போது 7 மைக்ரோஆம்பியர்.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்லீப்புக்குப் போனால் ரேடியோவின் பஃபர் (பாக்கெட்டைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) அழிந்துவிடும், வந்த பாக்கெட்டை முதலில் படித்துவிடுங்கள். மீட்டரை மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் வைத்து அளக்கும்போது, போர்டு தூங்கும்வரை அதன் முனைகளை ஒரு ஜம்பரால் இணைத்து வையுங்கள்; இல்லையென்றால் ரேடியோ அனுப்பும் நேரத்தில் மீட்டரிலேயே வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகும்.