ஆபரேஷன் முடிந்து கரண்ட் வைக்க 57 நாள்: யார் மேல் தப்பு?

வைகைக்கரை
அப்பாவுக்குக் கன்னத்தில் புற்று. நாற்பது வருடப் புகையிலை. தாடையில் ஒரு பகுதியோடு வெட்டி எடுத்து, நெஞ்சுச் சதையை வைத்துத் தைத்தார்கள். ஆறு வாரத்துக்குள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) ஆரம்பிக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதியிருந்தது. ஆரம்பித்ததோ 57வது நாள்.

கணக்குச் சொல்கிறேன். வெட்டி எடுத்த கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட் வாங்கி, ரேடியேஷன் டாக்டரைப் பார்த்தது 24வது நாள். அவர் வாயைப் பார்த்துவிட்டு, கரண்டுக்கு முன்பே பல்லைச் சரிசெய்ய வேண்டும் என்று பல் டாக்டரிடம் அனுப்பினார். 28வது நாள் ஆறு பல் பிடுங்கினார்கள். குழி ஆற இரண்டு வாரம். அப்புறம் தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க், ஸ்கேன், பிளான் என்று பத்து நாள். மெஷினில் இடம் கிடைக்க இன்னும் ஐந்து. கழுத்துக் காயம் ஆறவில்லை என்று ஒரு நாள்கூடப் போகவில்லை. அந்த ஆறு பல்லையும் மயக்கத்தில் இருந்தபோதே எடுத்திருக்கக் கூடாதா?

தையல்காரன்
சர்ஜரி வார்டில் இருக்கிறேன். கரண்ட் தேவையா என்பதே ரிப்போர்ட் வந்த பிறகுதான் முடிவாகும். சின்னக் கட்டி, வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை, கழுத்து நெறியில் பரவல் இல்லை என்றால் பலருக்கு ஆபரேஷனோடு சரி. அப்படிப்பட்டவருக்கு ஆறு பல்லைப் பிடுங்கியிருந்தால் நீங்களே சண்டைக்கு வந்திருப்பீர்கள்.

வைகைக்கரை
தாடை எலும்பை அரித்துவிட்டது என்று ஆபரேஷனுக்கு முந்தைய சிடி ஸ்கேனிலேயே இருந்தது சார். அதுவே நான்காம் நிலை. அவருக்குமா ரிப்போர்ட் வரை காத்திருக்க வேண்டும்?

தையல்காரன்
வேண்டியதில்லை. அங்கே நீங்கள் சொல்வது சரி.

கொங்குப்பெண்
எனக்கு இந்த நாள் எண்ணுவதே பிடிக்கவில்லை. அம்மாவுக்கு நாக்கில். தையல் பிரிந்து கழுத்து வழியாக எச்சில் வடிந்துகொண்டிருந்தது. அப்போதும் "கெடு தாண்டுகிறது" என்றே பயமுறுத்தினார்கள். ஆறு வாரம் என்ன கல்மேல் எழுத்தா? தாமதமாகிறவர்களில் பலர் முதலிலேயே உடம்பு நொந்தவர்கள், கையில் காசில்லாதவர்கள். அவர்களுக்கு நோய் திரும்பினால் நாள்கணக்குதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? பாதிப் பேரை வேண்டுமென்றே தாமதமாக வைத்து யாரும் சோதித்துப் பார்க்க முடியாதே.

கதிர்அறை
கல்மேல் எழுத்து இல்லைதான் மேடம். ஆறு வாரம் என்பது அமெரிக்க வழிகாட்டி நெறி. அங்கேயே பாதிப் பேருக்கு மேல் அதைத் தாண்டுகிறார்கள் என்று 2017ல் ஓர் ஆய்வு வந்தது. தாமதமானால் நோய் திரும்பும் என்று சொல்லும் ஆய்வுகளில் நீங்கள் சொல்லும் குறையும் உண்டு. ஆனால் மிச்சம் தங்கிய செல்கள் காயம் ஆறும் வரை சும்மா இருப்பதில்லை, பெருகுகின்றன. அதனால்தான் ஆபரேஷன் நாளிலிருந்து கரண்ட் முடியும் நாள்வரை மொத்தம் 11 வாரம் என்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. கரண்ட் 30 தடவை, வாரத்துக்கு ஐந்து, ஆக ஆறு வாரம். 11ல் அது போனால் முன்னால் மிஞ்சுவது ஐந்து வாரம்தான்.

எச்சில் வடியும் கழுத்தில் அவசரப்பட்டு வைக்கச் சொல்லவில்லை. எங்கள் ரேடியேஷன் அறைக்குத் தாமதமாக வருகிறவர்களில் முக்கால்வாசி, காயம் நன்றாக ஆறியவர்கள். "கட்டியைத்தான் எடுத்துட்டாங்களே, பொங்கல் கழிச்சு வரோம்" என்று போனவர்கள்.

கொங்குப்பெண்
பொங்கல் மேல் பழி போடாதீர்கள். ஆறு வாரம் தினமும் வர வேண்டும். எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். காப்பீட்டில் கரண்டுக்குப் பணம் வந்துவிடும். துணைக்கு வருகிறவரின் ஆறு வாரக் கூலியை யார் தருவது? பொங்கல் என்று சொன்னால் கௌரவமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கதிர்அறை
இதை நான் யோசிக்கவில்லை.

தையல்காரன்
பெரிய கட்டி என்றால் இப்போது ஆபரேஷனுக்கு முன்பே பல் டாக்டரிடமும் ரேடியேஷன் டாக்டரிடமும் அனுப்புகிறோம். அதாவது, அனுப்ப முயல்கிறோம். எங்கள் பல் ஓபி வாரத்துக்கு இரண்டு நாள்தான்.

வைகைக்கரை
அப்பாவுக்கு இன்று 19வது கரண்ட். வாயெல்லாம் புண், மூக்குக் குழாயில்தான் கஞ்சி. இன்னும் ஒரு பல் ஆடுகிறது. எல்லாம் முடிந்த பிறகு நம்ம ஊர் டாக்டரிடமே பிடுங்கிக்கொள்ளலாமா?

கதிர்அறை
வேண்டாம் அண்ணே. கரண்ட் பட்ட தாடையில் பல் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். பத்து வருடம் கழித்துப் பல் டாக்டரிடம் போனாலும் கரண்ட் வைத்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆடுகிற பல்லை நாளைக்கே எங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.