பெர்த் எல்லை எப்போது திறக்கும்?

"திருச்சி வீடு" வாட்ஸ்அப் குழு

20 ஜனவரி 2022, வியாழன் இரவு

செந்தில் (பெர்த்): மற்ற மாநிலத்தவர்களுக்கு எல்லை பிப்ரவரி 5 அன்று திறக்காது. எங்கள் மேற்கு ஆஸ்திரேலிய மாநில முதல்வர் மார்க் மெக்கவன் இப்போதுதான் அறிவித்தார். புதுத் தேதியும் சொல்லவில்லை.

மாலதி (சிட்னி): என்னடா இது! இங்கே என்னிடம் வந்திருக்கும் அம்மாவுக்கு பெர்த் வர 6ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாச்சே. உன் சின்னவனுக்கு வெள்ளி அரைஞாண் வாங்கி வந்து கைப்பையிலேயே வைத்திருக்கிறார்கள்.

செந்தில்: ஒமைக்ரான்தான் காரணம். மூன்றாவது ஊசி போட்டவர்கள் 80, 90 சதவீதம் ஆக வேண்டுமாம். டிசம்பர் 13ஆம் தேதி பிப்ரவரி 5 என்று அவர்தான் சொன்னார். அதை நம்பித்தான் டிக்கெட் போடச் சொன்னேன்.

பிரபு (வொடோங்கா): அண்ணா, இது என்ன நியாயம்? வெளிநாட்டிலிருந்து அம்மா சிட்னிக்கு வரலாம், தனிமைப்படுத்தல்கூட இல்லை. அதே நாட்டுக்குள் பெர்த்துக்கு வர முடியாதா? நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் நவம்பர் 1இல் வெளிநாட்டு வரவையே திறந்துவிட்டன. தெற்கு ஆஸ்திரேலியா நவம்பர் 23, குயின்ஸ்லாந்து டிசம்பர் 13, டாஸ்மேனியா டிசம்பர் 15. மிச்சம் நீங்கள்தான்.

கவிதா (பெர்த்): திறந்த பிறகு அங்கே என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் பிரபு. ஒரு ரேபிட் டெஸ்ட் கிட்டுக்காக சிட்னியில் மாலதி அண்ணி போன வாரம் எத்தனை மருந்துக்கடை ஏறி இறங்கினார்கள்?

கவிதா: நான் வேலை பார்க்கும் இடத்தில் கோவிட் இல்லாத நாளிலேயே அவசரப் பிரிவு வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளியோடு காத்து நிற்கின்றன. இங்கே படுக்கை நிரம்பினால் பக்கத்து ஊருக்கு அனுப்பலாம் என்ற பேச்சே கிடையாது. அடுத்த பெரிய நகரம் அடிலெய்டு, சாலை வழியாக ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். வடக்கே கிம்பர்லி, பில்பரா பக்கம் பூர்வகுடி ஊர்களில் தடுப்பூசி இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது. மெல்போர்ன் மொத்தம் 262 நாள் அடைபட்டுக் கிடந்தது. அந்தக் காலத்தில் பெரும்பகுதி எங்கள் பெரியவன் பள்ளிக்கூடம் போனான், பூங்காவில் விளையாடினான். எல்லையை மூடியதால் கிடைத்தது அது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

பிரபு: உங்கள் ஊர் பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது அண்ணி, மூடினால் மூடியதுதான். எங்கள் நிலைமை வேறு. வொடோங்கா விக்டோரியா, ஆல்பரி நியூ சவுத் வேல்ஸ், நடுவே மரே ஆறு. பெயர்தான் இரண்டு, பிழைப்பெல்லாம் ஒன்று. ஆஸ்பத்திரி நிர்வாகம்கூட இரண்டு ஊருக்கும் பொது. 2020 ஜூலை 8இல் அந்தப் பாலத்தை மூடினார்கள். 1919 ஸ்பானிஷ் காய்ச்சலுக்குப் பிறகு அப்போதுதான் முதல் தடவை. வேலைக்குப் போக பெர்மிட், கார் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போலீஸ் வரிசையில் நிற்க வேண்டும். விதி மாறினால் பெர்மிட்டும் மாறும். ஆற்றுக்கு இந்தக் கரையில் இல்லாத நோய் அந்தக் கரையில் இருக்குமா?

செந்தில்: குயின்ஸ்லாந்து எல்லையில் இருக்கும் கூலங்கட்டாவிலும் இதே கதைதானே. தெருவுக்குக் குறுக்கே பிளாஸ்டிக் தடுப்பை வைத்து, போன வருஷம் தந்தையர் தினத்துக்கு அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டார்களே.

சித்தப்பா (திருச்சி): எனக்கு ஒன்று புரியவில்லை. 2020இல் இங்கே கரூரிலிருந்து திருச்சி வரவே இ-பாஸ் கேட்டார்கள். ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த எல்லோருக்கும் கொடுத்தார்கள். 22ஆம் தேதி மத்திய உள்துறைச் செயலாளர் கடிதம் எழுதினார், மாநிலத்துக்குள்ளேயும் மாநிலங்களுக்கு இடையிலும் போக்குவரத்தைத் தடுக்கக் கூடாது என்று. செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டுக்குள் இ-பாஸே இல்லை. உங்கள் பிரதமர் அப்படி ஒரு கடிதம் போட முடியாதா?

பிரபு: போட்டாலும் கேட்க மாட்டார்கள் சித்தப்பா. மாநிலங்களுக்கு இடையே வணிகமும் போக்குவரத்தும் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 92ஆம் பிரிவு சொல்கிறது. அதை வைத்துத்தான் சுரங்க முதலாளி கிளைவ் பால்மர் பெர்த் அரசின் மீது வழக்குப் போட்டார். மத்திய அரசு முதலில் அவர் பக்கம் சேர்ந்தது, அப்புறம் விலகிக்கொண்டது. 2020 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. இங்கே உயர் நீதிமன்றம்தான் நாட்டுக்கே கடைசி நீதிமன்றம், அதோடு முடிந்தது.

செந்தில்: மக்களும் ஆதரித்தார்கள் சித்தப்பா. 2021 மார்ச் தேர்தலில் 59 இடத்தில் 53 இடம் அந்தக் கட்சிக்கு. நாங்களும் அவர்களுக்குத்தான் போட்டோம். அந்த ஓட்டைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. இன்றைய அறிவிப்புதான் வலிக்கிறது.

மாலதி: எனக்கு இதில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அப்பா போனது போன வருஷம் மே முதல் வாரம். அப்போது இந்தியாவில் இருந்துவிட்டு வருகிறவர்கள், ஆஸ்திரேலியக் குடிமக்களாகவே இருந்தாலும், உள்ளே வரக் கூடாது. மீறினால் 5 வருஷம் வரை சிறை அல்லது 66,600 டாலர் வரை அபராதம். வெளியே போவதற்கே தனி அனுமதி வேண்டும். போயிருந்தால் என் இரண்டு பிள்ளைகளிடம் எப்போது திரும்புவேன் என்று தெரியாது. கொள்ளி வைத்தது சித்தப்பா. நாங்கள் மூன்று பேரும் போனில் பார்த்தோம்.

மாலதி: அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தத் தடைக்கு மே 15 என்று தேதி போட்டிருந்தார்கள், 15ஆம் தேதி எடுத்தார்கள். நான் அந்த நாளை எண்ணிக்கொண்டு இருந்தேன். மூடுவதா திறப்பதா என்பதில் கவிதாவுக்கும் பிரபுவுக்கும் ஆளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. தேதி கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு வேறு தேதியும் தராமல் போவது எந்தக் கணக்கிலும் சரியில்லை. நோய் மாறுகிறது, ஒத்துக்கொள்கிறேன். "மார்ச் 1இல் மறுபடி பார்ப்போம், இன்ன அளவு வந்தால் திறப்போம்" என்றாவது சொல்லலாமே.

கவிதா: அண்ணி, அது உண்மை. தேதி இல்லாமல் விட்டது எனக்கும் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எங்களுக்கும் ஒரு நாள் தெரிந்தால்தான் ஆட்களைத் தயார் பண்ண முடியும்.

பிரபு: பெற்றவர்களை நெருங்கிய குடும்பம் என்று இந்த நாடு ஒத்துக்கொண்டதே போன நவம்பர் 1இல்தான். அதுவரை கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், இவ்வளவுதான் கணக்கு. அதை மட்டும் முதல் வருஷத்திலேயே மாற்றியிருந்தால் அம்மா எப்போதோ வந்திருப்பார்கள்.

அம்மா: எல்லாம் படித்தேன். கவிதா சொல்வது தப்பில்லை. நான் சளியோடு வந்து கைப்பிள்ளைக்கு ஒட்டவைத்தால் யாருக்கு நல்லது. ஆனால் எனக்கு இங்கே மூன்று மாதம்தான், மார்ச் 14 கிளம்ப வேண்டும். அதற்குள் திறப்பார்களா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

செந்தில்: தெரியாது அம்மா. 5ஆம் தேதியிலிருந்து விதிவிலக்குகளைக் கொஞ்சம் கூட்டுகிறார்களாம். உங்களுக்குப் பொருந்துமா என்று நாளைக்குப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். பொருந்தினாலும் இங்கே வீட்டிலேயே 14 நாள் தனிமை இருக்கும் போலிருக்கிறது.

கவிதா: 14 நாள் தனிமை என்றால் பிள்ளையைத் தூக்க முடியாது அத்தை. இப்போதைக்கு மூன்றாவது ஊசியை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். அது எந்த வழியில் வந்தாலும் கேட்பார்கள். கோவிஷீல்டு இரண்டும் திருச்சியில் போட்டதால் அதை இங்குள்ள தடுப்பூசிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அண்ணி, உங்கள் டாக்டரிடம் சான்றிதழைக் காட்டினால் ஏற்றித் தருவார்.

மாலதி: நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் வாங்குகிறேன்.

18 பிப்ரவரி 2022, வெள்ளி

செந்தில்: மார்ச் 3! அறிவித்துவிட்டார். மற்ற மாநிலங்களிலிருந்து வருகிறவர்களுக்கு மூன்று ஊசி இருந்தால் போதும், தனிமை இல்லை. மாநிலத்துக்குள் நுழைய ஜி2ஜி என்ற பாஸுக்கு மட்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

பிரபு: 2020 ஏப்ரல் 5இல் மூடியது. இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் குறைவு.

மாலதி: அம்மாவுக்கு ஊசி ஜனவரி 27இல் போட்டாச்சு, பதிவேட்டிலும் ஏறிவிட்டது. பாஸை நீ இன்றே போடு தம்பி, ஆவணமெல்லாம் அனுப்புகிறேன்.

கவிதா: இங்கே தொற்று தினமும் கூடிக்கொண்டிருக்கிறது அத்தை, எல்லை மூடியிருந்தும் உள்ளே வந்துவிட்டது. விமானத்தில் என்95 மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். வந்த அன்றைக்கு ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாம்.

சித்தப்பா: அண்ணி, திரும்பி வரும் டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.

அம்மா: வேண்டாம் தம்பி, வீசா கணக்கு தப்பிவிடும். பத்து நாளாவது கிடைத்ததே. மாலதி, 3ஆம் தேதிக்கே போடு. 5, 6 என்றெல்லாம் பார்க்காதே.

மாலதி: 3ஆம் தேதி காலை விமானத்தில் இடம் இருக்கிறது. மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாக எடுக்கிறேன், விலை கொஞ்சம் கூடுதல்.

செந்தில்: கூடுதலை நான் தருகிறேன் அக்கா. எடுத்துவிடு.