ஒரே ஹார்ட் டிஸ்க், மூணு கம்ப்யூட்டர்: நான் பட்டது இது, நீங்க பட்டதையும் சொல்லுங்க

வீட்டுல மூணு கம்ப்யூட்டர். என்னோடது விண்டோஸ், மனைவிக்கு மேக், பையன் லினக்ஸ் பைத்தியம். மூணுக்கும் சேர்த்து ஒரே ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க்.

வாங்கினப்போ அது என்டிஎஃப்எஸ்ங்கிற ஃபார்மேட்ல இருந்தது, அதாவது டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்க விண்டோஸ் பயன்படுத்தற முறை. மேக்ல செருகினா ஃபைல் எல்லாம் தெரியுது, திறக்குது, ஆனா ஒரு ஃபோட்டோகூட உள்ளே போக மாட்டேங்குது. டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு கேபிளை எல்லாம் மாத்திப் பார்த்தேன். என்டிஎஃப்எஸ்ஸை மேக் படிக்கும், எழுதாதுங்கிறது எனக்கு அப்போ தெரியாது. சரின்னு ஃபேட் 32க்கு மாத்தினேன். அடுத்த வாரமே 6 ஜிபி வீடியோ ஒண்ணு ஏற மறுத்துடுச்சு. டிஸ்க்ல பாதிக்கு மேல காலி, ஆனா ஃபேட் 32ல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாதாம். கடைசியில எக்ஸ்ஃபேட். மூணுலயும் படிக்குது, எழுதுது. நிம்மதின்னு நினைச்சேன்.

ஒருநாள் பையன் லினக்ஸ்ல ஏதோ காப்பி பண்ணிட்டு கேபிளைப் பிடுங்கிட்டான். காப்பி முடிஞ்சிடுச்சுன்னு சத்தியம் பண்றான். அவன் சொன்னது பொய் இல்லை. திரையில முடிஞ்சதாத்தான் காட்டும், பாதி இன்னும் ரேம்லயே நின்னுட்டிருக்கும். எஜெக்ட் கொடுத்தாத்தான் அது முழுசா டிஸ்க்குக்கு இறங்கிடுச்சுன்னு நம்பலாம். போதாக்குறைக்கு, பாதியில நின்ன வேலையைச் சரிபண்ண என்டிஎஃப்எஸ்ல இருக்கிற ஜர்னல்ங்கிற குறிப்பேடு எக்ஸ்ஃபேட்ல கிடையாது. அப்புறம் என் விண்டோஸ்ல செருகினா, "ஃபார்மேட் பண்ணட்டுமா?"ன்னு கேக்குது. கை பட்டனுக்குப் போயிடுச்சு, எப்படியோ கேன்சல் அடிச்சேன். ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு வேற டிஸ்க்குக்கு எடுத்ததுல முக்கால்வாசி ஃபோட்டோ வந்துச்சு. ஃபோல்டர் பேர் ஒண்ணும் மிஞ்சலை, எல்லாம் வெறும் நம்பர். மனைவி இன்னும் உட்கார்ந்து பிரிச்சிட்டிருக்காங்க.

*

சார், எனக்கு இதுக்கு நேர் எதிர். என்டிஎஃப்எஸ் டிஸ்க், விண்டோஸ்ல இருந்து லினக்ஸுக்கு. சில நாள் எழுதும், சில நாள் படிக்க மட்டும்தான் விடும். குற்றவாளி யாருன்னா விண்டோஸோட ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். நாம ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுசா அணையறதில்லை, பாதித் தூக்கத்துல போயிடுது. அப்போ செருகியிருந்த டிஸ்க்கும் இன்னும் அதன் பிடியிலேயே இருக்கிற மாதிரி குறி வச்சிடுது, லினக்ஸ் அதைப் பார்த்துட்டுத் தொட மறுக்குது. இப்போ ஷிஃப்டை அழுத்திக்கிட்டே ஷட் டவுன் கொடுக்கிறேன், இல்லைன்னா முதல்ல டிஸ்க்கைக் கழட்டிடறேன்.

*

நான் கொஞ்சம் வெட்கத்தோட எழுதறேன். பொதுவான ஒரு கம்ப்யூட்டர்ல பிரிண்ட் எடுக்க முழு டிஸ்க்கையும் செருகினேன். ரெண்டு பக்கத்துக்கு! வீட்டுக்கு வந்து பார்த்தா எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட். வைரஸ் ஒரிஜினலை மறைச்சு வச்சிட்டு, அதே பேர்ல ஷார்ட்கட் போட்டிருக்கு. கிளிக் பண்ணினா ஃபோல்டரும் திறக்கும், பின்னாடி வைரஸும் ஓடும். அதனாலதான் உடனே சந்தேகம் வரலை. முதல்ல ஸ்கேன், அப்புறம் அட்ரிப் கமாண்ட் கொடுத்து மறைஞ்சதை வெளியே எடுத்தேன். ஃபைல் ஒண்ணும் போகலை. ஆனா அதுக்குள்ள அப்பா லேப்டாப்லயும் செருகிட்டேன், அந்தக் கதை வேண்டாம்.

*

வீடியோ எடிட் பண்றவங்களுக்கு ஒரு வரி: ஒரு கம்ப்யூட்டர்ல டிஸ்க் ஈ டிரைவ், இன்னொண்ணுல எஃப். புராஜெக்ட்டைத் திறந்தா கிளிப் ஒண்ணையும் காணோம்னு சிவப்பா வந்து நிக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் ரெண்டுலயும் ஒரே எழுத்தைக் கொடுத்துடுங்க, பின்வரிசையில இருந்து ஆர், எஸ் மாதிரி. அதுக்கப்புறம் எனக்குத் தொல்லை இல்லை.

*

ஆரம்பிச்சவன்தான் மறுபடியும். ஷிஃப்ட் விஷயம் புதுசு, நன்றி. எக்ஸ்ஃபேட்டுக்கு மாறப் போறவங்களுக்கு ஒண்ணு: பெரிய டிஸ்க்ல விண்டோஸ் ஃபார்மேட் பண்ணும்போது ஒதுக்கற துண்டு பெரும்பாலும் 128 கேபி. ஒரு கேபி ஃபைலும் அவ்வளவு இடத்தைப் பிடிக்கும். பையனோட புரோகிராம் ஃபோல்டர், குட்டிக்குட்டியா ஆயிரக்கணக்குல ஃபைல், டிஸ்க்ல ஏறினதும் பல மடங்கு ஊதிடுச்சு. ஜிப் பண்ணி வைக்கச் சொல்லியிருக்கேன்.

ஃபோட்டோவுக்குத் தனியா ரெண்டாவது டிஸ்க் வாங்கி அலமாரியில வச்சாச்சு. அது ஊர் சுத்தாது. சாவி மனைவிகிட்ட.