நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயம் பாதியில் அணைந்துபோகிறது: இன்வெர்ட்டர் இருந்தும் ஏன்?

கண்டனூர் கார்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பிளேஸ்டேஷன் 3-இல் (பிஎஸ்3) கிரான் டூரிஸ்மோ 5 என்ற கார் பந்தய விளையாட்டை விளையாடி வருகிறேன். அதில் நெடுநேரம் ஓடும் எண்டூரன்ஸ் பந்தயங்களில் கிராண்ட் வேலி 300 கிலோமீட்டர், லகுனா செக்கா 200 மைல் ஆகியவற்றை முடித்துவிட்டேன். சுகுபா 9 மணி நேரத்தைக்கூடப் பொங்கல் விடுமுறையில் ஒரே நாளில் ஓட்டி முடித்தேன். 2 கிலோமீட்டர் வளையத்தில் நாள் முழுவதும் செக்குமாடு போலச் சுற்றிய அந்த அனுபவத்தைப் பற்றி இங்கே பேசாமல் விடுவதே நல்லது. இப்போது நூர்பர்க்ரிங் 24 மணி நேரத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

இரவில் இரண்டு மணி நேரம் ஓட்டுவேன். பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பந்தயத்தை நிறுத்திவைத்துவிட்டு, டிவியை மட்டும் அணைத்துவிட்டுத் தூங்கப் போவேன். பிஎஸ்3 இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த முறையில் மூன்று தடவை முயன்றுவிட்டேன். மூன்று தடவையும் மின்சாரம் போய், பிஎஸ்3 அணைந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. கடைசி முறை பந்தயக் கடிகாரம் 17 மணி 20 நிமிடம் காட்டியது. கருஸெல் வளைவுக்குள் வண்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். தலைக்குமேல் மின்விசிறி நிற்கவில்லை, டிவியும் அணையவில்லை. அதில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் மிதந்துகொண்டிருந்தது. மறுபடி இயக்கியபோது வன்தட்டைச் சரிபார்க்கவேண்டும் என்று பிஎஸ்3 கேட்டது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது: 900 விஏ, சைன் வேவ், 150 ஆம்பியர் மணி பேட்டரி. அது முகப்பில் இருக்கிறது. நான் விளையாடும் அறை இரண்டாங்கட்டில். விசிறியையும் டிவியையும் காப்பாற்றும் இன்வெர்ட்டர் பிஎஸ்3-ஐ மட்டும் ஏன் கைவிடுகிறது என்பது எனக்குப் புரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் உதவவேண்டும்.

தேவகோட்டை வயர்மேன்:

தம்பி, பதில் சொல்வதற்கு முன் மூன்று விவரங்கள் தேவை. இன்வெர்ட்டரின் பின்புறத்தில் 'யூபிஎஸ்' என்றும் 'நார்மல்' அல்லது 'ஈக்கோ' என்றும் எழுதிய சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். அது எந்தப் பக்கம் இருக்கிறது? மின்சாரம் போகும் நொடியில் குழல்விளக்கு ஒருமுறை சிமிட்டுகிறதா? மாலை நேரத்தில் உங்கள் வீட்டில் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது?

கண்டனூர் கார்காரன்:

நன்றி அண்ணே. சுவிட்ச் 'நார்மல்' பக்கம் இருக்கிறது. பொருத்திய நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. விளக்கு ஒருமுறை சிமிட்டுவது உண்மைதான். வோல்டேஜ் பகலில் 220-க்கு மேல் காட்டுகிறது, இரவு 7 மணிக்கு மேல் 170 வரை இறங்குகிறது.

நேற்றுப் பகலில் ஒரு சோதனையும் செய்துபார்த்தேன். பிஎஸ்3-ஐ முதன்மை மெனுவில் நிறுத்திவைத்துவிட்டு, முகப்பில் மெயின் சுவிட்சை ஐந்து முறை இறக்கினேன். ஐந்து முறையும் அது அணையவில்லை. இதனால் என் குழப்பம் கூடத்தான் செய்திருக்கிறது.

தேவகோட்டை வயர்மேன்:

குழப்பம் வேண்டாம், உங்கள் சோதனையே காரணத்தைச் சொல்லிவிட்டது. மின்வாரியக் கம்பியிலிருந்து பேட்டரிக்கு மாறுவதற்கு இன்வெர்ட்டருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். 'நார்மல்' நிலையில் அது 40 மில்லி நொடி வரை போகலாம். 'யூபிஎஸ்' நிலையில் 10 மில்லி நொடி அளவில் முடிந்துவிடும். அந்த இடைவெளியில் ஒவ்வொரு கருவியும் தன் பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரத்தைக் கொண்டுதான் உயிர் பிழைக்கவேண்டும். விசிறிக்குச் சுழன்ற வேகமே போதும். டிவி இழுப்பது குறைவு என்பதால் அதுவும் தாங்கிவிடும். பிஎஸ்3 மெனுவில் சும்மா நிற்கும்போது குறைவாக இழுக்கிறது, எனவே பகலில் தப்பித்தது. பந்தயத்தின் நடுவில் அதிகமாக இழுக்கிறது, எனவே கெப்பாசிட்டர் விரைவில் வற்றிவிடுகிறது. ஆகவே, மெனுவில் நிறுத்திச் சோதிப்பது பயன்படாது. இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஏதாவது ஒரு சிறு பந்தயத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போது வேறொருவரை மெயினை இறக்கச் சொல்லுங்கள். நான் சொல்வது சரியா என்று தெரிந்துவிடும். ஒரு முறை போதும், வன்தட்டைத் திரும்பத் திரும்ப வதைக்கவேண்டாம்.

சோதித்துவிட்டு, அந்தச் சுவிட்சை 'யூபிஎஸ்' பக்கம் தள்ளிப் பாருங்கள். பேட்டரியின் அளவைப் பற்றிக் கவலை இல்லை. 12 வோல்ட்டில் 150 ஆம்பியர் மணி என்றால் கணக்குக்கு 1,800 வாட் மணி. இழப்பையும் பேட்டரியை அடிவரை காலி செய்யக்கூடாது என்பதையும் கழித்தால் 1,200 அளவில் கையில் நிற்கும். பிஎஸ்3 ஸ்லிம்மும் எல்இடி டிவியும் சேர்ந்து 150 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், விசிறி இல்லாமல் 7, 8 மணி நேரம் வரும்.

பள்ளத்தூர் பின்னிருக்கை:

மின்சாரத்தைப் பற்றி வயர்மேன் அண்ணன் சொன்னதோடு நான் மோதப் போவதில்லை. ஆனால் கேள்வியிலேயே ஒன்று என்னை உறுத்துகிறது. நீங்கள் ஏன் பந்தயத்தைச் சேமிக்காமல் வெறுமனே நிறுத்திவைக்கிறீர்கள்? இந்த விளையாட்டு 2010 நவம்பரில் வெளிவந்தபோது பந்தயத்தின் இடையில் சேமிக்க வழி இல்லை என்பது உண்மைதான். அப்போது எல்லாருமே உங்களைப் போலத்தான் நாள்கணக்கில் பெட்டியை ஓடவிட்டார்கள். 2011 அக்டோபரில் வந்த 2.00 புதுப்பிப்பில் எண்டூரன்ஸ் பந்தயங்களுக்கு மட்டும் அந்த வசதியைக் கொடுத்துவிட்டார்கள். டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் பிட்டுக்குள் நுழைந்து வண்டி நிற்கும்போது சேமித்துவிட்டு வெளியேறலாம், மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். உங்கள் பிஎஸ்3 இணையத்தோடு இணைக்கப்படாமலே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் போதும். வட்டைப் போட்டு விளையாட்டைத் தொடங்கினால் அதுவே புதுப்பிப்பைக் கேட்கும்.

சேமிக்கும் இடம் பிட் மட்டுமே என்பதால், பந்தயத்தைப் பிட்டுக் கணக்கில்தான் திட்டமிடவேண்டும். இந்தத் தடத்தின் ஒரு சுற்று 25 கிலோமீட்டருக்கு மேல். சுற்றுக்கு எட்டரை நிமிடம் என்றால் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 169 சுற்றுகள் வரும். ஐந்து சுற்றுக்கு ஒருமுறை பிட்டுக்குள் வந்தால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தவணை; மொத்தம் 34 தவணைகள். இரவுக்கு இரண்டு தவணை ஓட்டினால் 17 இரவுகளில் முடிந்துவிடும். மென்மையான ரேசிங் டயரைப் போட்டால் நான்காவது சுற்றிலேயே பிடி தளர்ந்து, எரிபொருள் மிச்சமிருக்கும்போதே உள்ளே வரவேண்டியிருக்கும். கடினமான டயரில் சுற்றுக்குச் சில நொடிகள் போனாலும் டயரும் எரிபொருளும் ஒன்றாகத் தீரும். எரிபொருள் முந்திக்கொண்டு தீர்ந்தால், கியரைச் சற்று முன்கூட்டியே மாற்றுங்கள். தடம் நனையத் தொடங்கினால் அந்தச் சுற்றின் முடிவிலேயே உள்ளே வந்துவிடுங்கள். உலர்தடத்து டயரோடு இன்னொரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை எனக்கு நான்கு நிமிடத்தைத் தின்றது.

இன்னொன்றும் கேட்கவேண்டும்: பிஎஸ்3-ஐ எங்கே வைத்திருக்கிறீர்கள்? நம் பக்கத்து வீடுகளில் எல்லாவற்றையும் சுவர் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடும் பழக்கம் உண்டு.

கண்டனூர் கார்காரன்:

சுவர் அலமாரிக்குள்தான் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை. பின்பக்கத் துளைகளில் ஒட்டடை படிந்திருந்தது. துடைத்துவிட்டு, அப்பத்தாவின் பழைய மணைகள் இரண்டைத் தரையில் இடைவெளி விட்டுப் போட்டு, அவற்றின்மேல் வைத்திருக்கிறேன். இப்போது அடியிலும் பின்னாலும் காற்றுப் போகிறது. உள்விசிறியின் இரைச்சலும் குறைந்துவிட்டது. புதுப்பிப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக இரவு முழுக்க இறங்கி முடிந்தன.

வயர்மேன் அண்ணே, நீங்கள் சொன்னபடியே நடந்தது. பந்தயத்தின் நடுவில் மெயினை இறக்கியதும் பெட்டி அணைந்தது. சுவிட்சை 'யூபிஎஸ்' பக்கம் தள்ளிய பிறகு அணையவில்லை. ஆனால் புதிய தொல்லை ஒன்று முளைத்திருக்கிறது. மாலை 7 மணி ஆனதும், தெருவில் மின்சாரம் இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போய்விடுகிறது. 10 மணிக்குள் பேட்டரி இறங்கி, வீடே இருட்டாகி, இரண்டு நாளாக வீட்டில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

தேவகோட்டை வயர்மேன்:

இதை முன்பே சொல்லியிருக்கவேண்டும். 170 என்று நீங்கள் எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'யூபிஎஸ்' நிலையில் இன்வெர்ட்டர் 180 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் அதை மின்சாரமாகவே மதிக்காது. உடனே பேட்டரிக்குத் தாவிவிடும். 'நார்மல்' நிலையில் 100 வோல்ட் அளவு வரை பொறுத்துக்கொள்ளும், ஆனால் தாவும்போது சோம்பேறி. ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும்.

ஆகவே சுவிட்சை மறுபடி 'நார்மல்' பக்கமே வைத்துவிடுங்கள். கணினிக்குப் போடும் 600 விஏ யூபிஎஸ் ஒன்றை வாங்கி, பிஎஸ்3-க்கும் டிவிக்கும் மட்டும் அறையிலேயே வையுங்கள். குறைந்த வோல்டேஜை உயர்த்தித்தரும் ஏவிஆர் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் தாவி முடிக்கும் வரை உள்ள இடைவெளியை இது நிரப்பிவிடும். உங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவ் என்பதால்தான் இந்த யோசனை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் சில யூபிஎஸ்கள் அந்த மின்சாரத்தை ஏற்காமல் தம் பேட்டரியிலேயே நின்று தீர்ந்துபோகும். அறையின் பிளக்கில் எர்த் வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது.

கானாடுகாத்தான் 77:

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாமா? நாம் ஓட்டாமல் விளையாட்டின் ஓட்டுநர்களுக்குக் கட்டளை மட்டும் இடும் பி-ஸ்பெக்கில் இதே பந்தயத்தை அவர்களிடம் விட்டுவிட்டு, களைப்பு தெரிந்தால் பிட்டில் ஆளை மாற்றினால் போயிற்று. நான் அப்படித்தான் முடித்தேன்.

பள்ளத்தூர் பின்னிருக்கை:

பி-ஸ்பெக் வெற்றி பி-ஸ்பெக் கணக்கில்தான் சேரும். இவர் கேட்பது தானே ஓட்டும் ஏ-ஸ்பெக். சேமித்துச் சேமித்து ஓட்டுவது உண்மையான 24 மணி நேரமா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அசல் நூர்பர்க்ரிங் பந்தயமே 2013-இல் மழையாலும் மூடுபனியாலும் இரவில் 9 மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைக்கப்பட்டு, காலையில்தான் தொடர்ந்தது. இந்த விளையாட்டை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சி அந்தத் தடத்தில் 2011-இலும் 2012-இலும் தம் பிரிவில் வென்றார். அவரும் தனியாக ஓட்டவில்லை, அணியோடுதான் ஓட்டினார்.

கண்டனூர் கார்காரன்:

முடிந்துவிட்டது. 19 இரவுகள் பிடித்தன. இடையில் ஒரு திருமணத்துக்காகக் காரைக்குடி போனதில் நான்கு நாள்கள் தொடவே இல்லை, சேமிப்பு அப்படியே இருந்தது. இரண்டாம் இடத்துக்கு இரண்டு சுற்று முன்னால் கொடியைத் தாண்டினேன். மின்சாரம் ஆறு முறை போனது. ஆறு முறையும் அறையில் இருந்த யூபிஎஸ் இரண்டு முறை கூவிவிட்டு அடங்கியது, பந்தயம் அசையவில்லை. எர்த் கம்பி இல்லை என்பதும் உண்மைதான். உள்ளூர் வயர்மேனை வரவழைத்து இழுத்தாயிற்று.

அடுத்தது லெ மான் 24 மணி நேரப் பந்தயம். அதற்கு முன் ஒரு சிறு சந்தேகம்: யூபிஎஸ் கூவும் சத்தத்தில் அப்பத்தா விழித்துக்கொள்கிறார்கள். அந்தச் சத்தத்தை நிறுத்திவைக்கலாமா?

தேவகோட்டை வயர்மேன்:

சில யூபிஎஸ்களில் முன்பக்கப் பொத்தானை அழுத்தினாலே சத்தம் நின்றுவிடும், ஆனால் ஓட்டும்போது நிறுத்தவேண்டாம் தம்பி. இரண்டு முறை கூவி அடங்கினால் இன்வெர்ட்டர் ஏற்றுக்கொண்டது என்று பொருள். நிற்காமல் கூவினால் இன்வெர்ட்டரின் பேட்டரியும் தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது யூபிஎஸ்ஸில் உள்ளது புது பேட்டரியாக இருந்தாலும் 10, 15 நிமிடம்தான் கையில் இருக்கும். பின்னிருக்கை சொன்ன கணக்குப்படி நூர்பர்க்ரிங்கில் சுற்று எட்டரை நிமிடம். லெ மானில் அதைவிடக் குறைவு. கூவல் நிற்கவில்லை என்றால் அந்தச் சுற்றிலேயே பிட்டுக்குள் போய்ச் சேமித்துவிடுங்கள். அப்பத்தாவுக்காக அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.