வயர்கார்டு: ஒரே பியருக்கு இரண்டு எண்ட்பாயிண்ட் கொடுக்க வழி உண்டா?

காட்பாடி_நைட்ஷிப்ட்:
வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் உள்ள எங்கள் தோல் யூனிட் ஆபீஸில்தான் கணக்கு சர்வர், நான் காட்பாடி வீட்டிலிருந்து உபுண்டு மெஷினில் வயர்கார்டு (இன்டர்நெட் வழியே மெஷின்களைப் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன்) வழியாகப் போய் வேலை பார்க்கிறேன். ஆபீஸுக்கு ஃபைபர் ஒன்று, கேபிள்காரர் கொடுத்தது ஒன்று என இரண்டு லைன். தெருவில் கால்வாய் தோண்டினால் போதும், ஃபைபர் அறுந்துவிடும், போன வாரம் மட்டும் இரண்டு தடவை. கான்ஃபிக் ஃபைலில் எண்ட்பாயிண்ட் (ஆபீஸ் பக்கத்து ஐபி விலாசம்) வரியை இரண்டாக எழுதிப் பார்த்தேன். பிழை எதுவும் காட்டவில்லை, ஆனால் கீழே உள்ளதை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. பியர் (மறுமுனை மெஷின்) பகுதியையே இரண்டு தடவை எழுதலாமா?

பாலாறு51820:
எழுதினாலும் பயன் இல்லை தம்பி. பியரை அடையாளம் காட்டுவது சாவிதான், சாவி ஒன்றென்றால் பியரும் ஒன்றுதான். வேறு சாவி போட்டு அதே அலவ்டு ஐபி (அந்தப் பியர் வழியாகப் போக வேண்டிய ஐபி) கொடுத்தால், கடைசியாக வந்த பியர் அந்த ஐபியைப் பிடுங்கிக்கொள்ளும். எண்ட்பாயிண்ட் என்பது முதல் தடவை கதவைத் தட்டும் விலாசம் மட்டுமே, அப்புறம் சரியான சாவியோடு பாக்கெட் எங்கிருந்து வருகிறதோ அதையே புது விலாசமாக வைத்துக்கொள்ளும். அதனால் மாற்றுகிற வேலை உன்னுடையது. நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் போதும்: கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனையும் சாவியைச் சரிபார்த்துக்கொள்வது) ஆகி 150 வினாடி தாண்டியிருந்தால் ‘டபிள்யூஜி செட்’ கட்டளையில் அடுத்த விலாசத்தைக் கொடு. டனலை, அதாவது வயர்கார்டு இணைப்பை, இறக்கி ஏற்றத் தேவையில்லை. பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 (25 வினாடிக்கு ஒரு வெற்று பாக்கெட் அனுப்பும்) வைக்க மறக்காதே, இல்லையென்றால் நீ சும்மா இருக்கும்போதும் லைன் செத்துவிட்டதாக ஸ்கிரிப்ட் நினைத்துக்கொள்ளும்.

குடியாத்தம்_நெட்:
ஸ்கிரிப்டுக்கு முன்னால் ஒன்று பாருங்கள் சார். கேபிள் லைனில் ரவுட்டரின் வான் ஐபி (இன்டர்நெட் பக்கத்து ஐபி) என்ன? 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அது கேரியர் நாட் (பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து கொடுப்பது), வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை உள்ளே சர்வருக்குத் திருப்பிவிடுவது) போட்டும் பிரயோஜனம் இல்லை. அப்புறம் கேபிள் லைனில் வந்த பாக்கெட்டுக்கான மறுமொழி கேபிள் லைனிலேயே திரும்பிப் போக வேண்டும். ரவுட்டர் அதை ஃபைபர் பக்கம் தள்ளிவிட்டால் ஹேண்ட்ஷேக் முடியவே முடியாது. நான் இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்திருக்கிறேன்.

பாலாறு51820:
அட, அதைக் கேட்க விட்டுவிட்டேன். ஸ்கிரிப்ட் எழுத அலுப்பாக இருந்தால் வயர்கார்டு மேல் கட்டிய டெயில்ஸ்கேல் போடு, பல விலாசங்களைத் தட்டிப் பார்த்து நல்லதைத் தேர்வதே அதன் வேலை. வெளியார் சர்வரை நம்ப வேண்டியிருக்கும், அதனால் எனக்குப் பிடிக்காது.

காட்பாடி_நைட்ஷிப்ட்:
100.72-ல்தான் இருந்தது! மாதக் கட்டணம் கொஞ்சம் கூட்டி ஸ்டேட்டிக் ஐபி (மாறாத பொது ஐபி) வாங்கிவிட்டேன். ஸ்கிரிப்டும் ஓடுகிறது. இன்று ஆபீஸிலிருந்த பையனை விட்டு ஃபைபர் ஒயரைப் பிடுங்கச் சொன்னேன், மூன்று நிமிடத்துக்குள் கணக்குத் திரை மறுபடி உயிர் பெற்றது. அதற்குள் முதலாளி போன் செய்துவிட்டார்.